நாலு சில்லும் ஒரு சின்ன வேலையும்

நம்முடைய நகரசபை கெட்டதல்ல. குப்பைத் தொட்டியைத் திறக்கும் ரக்கூனைப் பற்றி வீட்டுக்கு வீடு துண்டுப்பிரசுரம் அனுப்புகிறது. ஓடைப்பக்கம் காட்டுநாய் நடமாடினால் பலகை நாட்டி, ஓடாதீர்கள், கையை உயர்த்திச் சத்தம் போடுங்கள் என்று புத்தி சொல்கிறது. ஆனால் சனிக்கிழமை காலையில் நீங்கள் கராஜ் கதவைத் திறந்த சத்தம் கேட்டதும், எந்தப் பக்கத்தால் வந்தது என்று தெரியாமல் வந்து, டிரைவ்வேயில் நின்று, நீங்கள் குனிந்து செய்வதைச் சற்று நேரம் பார்த்து, மூக்கால் ஒரு மூச்சு விட்டு, "உது சின்ன வேலை" என்று சொல்கிற ஓர் இனத்தைப் பற்றி இந்த ரொறன்ரோவில் இதுவரை ஒருவரும் எச்சரித்ததில்லை. அந்தக் குறையை இன்று நான் தீர்த்துவைக்கிறேன். இந்த இனத்துக்குச் சின்ன வேலை மன்னர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அவசரப்பட்டு அவருடைய ஃபோன் நம்பரைக் கேட்காதீர்கள். அவர் சின்ன வேலைகளைச் செய்து தருபவர் அல்ல. அவர் எந்த வேலையுமே செய்து தருபவர் அல்ல. மற்றவர் செய்கிற எந்த வேலையும் சின்ன வேலை என்று அறிவிப்பதோடு அவருடைய கடமை முடிகிறது.

அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். மேலே கனத்த ஜாக்கெட், கீழே காலுறை போட்ட காலுக்கு வீட்டுச் செருப்பு. டிரைவ்வே முடிந்து கராஜின் சீமெந்துத் தரை தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு இருக்கிறதல்லவா, அதற்கு இந்தப் பக்கமாகவே நிற்பார். தாண்டமாட்டார். தாண்டினால் உள்ளே ஸ்பானர் கிடக்கிறது. ஸ்பானருக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதரிடம், உதை ஒருக்கா எடுத்துத் தாங்கோ என்று யாராவது கேட்டுவிடக்கூடும். எடுத்துக் கொடுப்பது வேலையின் ஆரம்பம் அல்லவா?

இவ்வளவு அறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? துருவிக் கேட்டால் ஜேர்மனியில் இருக்கும் மச்சானிடம் போய் முடியும். இந்த இனத்தில் எல்லாருக்கும் ஜேர்மனியில் ஒரு மச்சான் உண்டு. அவர் ஒரு பெரிய கார்த் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பார். உள்ளே வேலை செய்ய வேண்டும் என்றில்லை. பக்கத்தில் குடியிருந்தாலே போதும், அறிவு காற்றோடு வந்துவிடும். அங்கிருந்து அது வட்ஸப் வழியாக இங்கே வரும். பிறகு கூரைக்கு ஓடு மாற்றுவது சின்ன வேலை, பேஸ்மென்றில் இரண்டாவது குசினி வைப்பது சின்ன வேலை, சூடாக்கி நின்றுபோனால் அது மிகவும் சின்ன வேலை. எங்கள் தெருவில் ஒருவர் பிரசவத்தையும் இந்தப் பட்டியலில் சேர்த்துப் பேசிவிட்டு, அந்த வாரம் முழுக்கத் தானே சமைத்துச் சாப்பிட்டார்.

மன்னரிடம் இருப்பது இரண்டே இரண்டு வசனங்கள். முதலாவது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது, வேலை பிழைத்த பிறகுதான் வெளியே வரும். அதை இப்போதே சொல்லிவிட்டால் சுவை போய்விடும். அதற்குள் உங்களுக்கு இந்த இனத்தின் ஒரு நல்ல மாதிரியை அறிமுகம் செய்துவைக்கிறேன்.

நவரட்ணம் அண்ணை அஜின்கோர்ட்டில் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். வீட்டுக்கடன் ஏற்பாடு செய்து கொடுப்பது தொழில். மேல்சட்டைப் பையில் எப்போதும் ஒரு கட்டு விசிற்றிங் கார்ட் இருக்கும். தடித்த, பளபளப்பான கார்ட். அதில் அவர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருப்பார். படத்தில் தலைமயிர் இப்போது இருப்பதைவிட அதிகம், நம்பிக்கை மட்டும் அதே அளவு. நேரிலும் அவரைப் பிடிக்காதவர் தெருவில் இல்லை; கல்யாணமோ செத்தவீடோ, கதிரை அடுக்க முதல் ஆளாக வந்து, கதிரையை எப்படி அடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு நிற்பார். அவருடைய வீட்டுக் குசினிப் பைப் மாரி கோடை பாராமல் ஒழுகிக்கொண்டிருக்கிறது. மனைவி கமலாம்பிகை அக்கா அதற்குக் கீழே ஒரு சட்டி வைத்திருக்கிறார். "உது சின்ன வேலைதானே, செய்வம்" என்று அண்ணை சொல்லியிருக்கிறார்.

அவருடைய அரசாட்சி உச்சத்துக்குப் போனதும் ஒரே காலையில் கவிழ்ந்ததும் எதிர்வீட்டு டெனிஸ்டனின் கராஜில்தான்.

டெனிஸ்டன் பஸ் ஓட்டுபவர். காலையில் இருந்து மாலை வரை ஃபிஞ்ச் அவெனியூவில் போய் வருவார். யாரோ மணி அடிப்பார்கள், நிறுத்துவார். யாரோ ஓடி வருவார்கள், காத்திருப்பார். நாள் முழுக்க மற்றவர் நினைத்த இடத்தில் நிறுத்துகிற மனிதருக்கு, யாரும் மணி அடிக்க முடியாத ஒரு வாகனம் வேண்டியிருந்தது. அப்படித்தான் அந்த எழுபதாம் ஆண்டுச் செவெல் கார் வந்து சேர்ந்தது. அமெரிக்கர்கள் மஸில் கார் என்று சொல்வார்களே, அந்த இனம்: நீளமான மூக்கு, அகன்ற தோள், ஸ்ரார்ட் பண்ணினால் தெருக்கோடியில் இருப்பவருக்கும் நெஞ்சு அதிரும். ஆனால் ஸ்ரார்ட் பண்ணிக் காட்டியதுதான் மிச்சம், அது கராஜை விட்டு வெளியே வந்ததில்லை. ஒரு வருடம் பிரேக், ஒரு வருடம் வயர், ஒரு வருடம் சீற்றுக்குத் துணி என்று டெனிஸ்டன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர்ப்பித்துக்கொண்டிருந்தார். செவெல் உள்ளே கதகதப்பாகப் படுத்திருக்க, அவருடைய மனைவி றோசலினின் கார் வெளியே பனியில் நின்றது. றோசலின் ஆஸ்பத்திரியில் காலை வேலைக்குப் போகிறவர். விடியாத நேரத்தில், கைவிரல் விறைக்க, கார்க் கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டிக்கொண்டு, கதவுக்கு அந்தப் பக்கம் சொகுசாகக் கிடக்கிற ஒரு கிழட்டுக் காரைப் பற்றி நினைக்கிற பெண்ணுக்கு எவ்வளவு பொறுமை இருக்கமுடியும்?

இந்த இலையுதிர்காலத்தில் அந்தப் பொறுமை தீர்ந்தது. றோசலினின் அண்ணன் ஜூலியஸ் நகருக்குக் கிழக்கே பிக்கரிங்கில் ஒரு களஞ்சியம் வைத்திருக்கிறார். அங்கே காரை நிறுத்த இடம் தருவதாகச் சொன்னார். றோசலின் ஒரு நிபந்தனை வைத்தார்.

"முதல் ஸ்னோ கொட்ட முன்னம் உது தன்ர காலில பிக்கரிங்குக்கு ஓடிப்போக வேணும். இழுவை வண்டியில ஏத்திக்கொண்டு போனா அது கார் இல்லை, தளபாடம். ஓடினால் வச்சிருங்கோ. ஓடாட்டி விக்கிறம்."

வாங்குவதற்கு ஆள்கூட ஆயத்தமாக இருந்தார். டெனிஸ்டன் ஓம் என்று தலையாட்டினார். ஆனால் அவருக்கு உள்ளே ஒரு பிடிவாதம் இருந்தது. காரோடு வந்த பழைய சில்லுகள் துருவேறிக் கறள் பிடித்தவை; ஒன்றில் பச்சைப் பெயின்ற்கூட அடித்திருந்தது. ரயர்களை மட்டும் பேருக்கு மாற்றி வைத்திருந்தார். அத்தனை வருடம் கழித்து முதன்முதலாகத் தெருவுக்கு வருகிற கார் அந்தக் கோலத்தில் வருவதா? புதிதாகப் பளபளக்கிற நாலு சில்லு போட்டுத்தான் வெளியே எடுப்பேன் என்று சத்தியம் பண்ணாத குறை.

சில்லுக் கடைக்கு அவர் ஃபோன் எடுத்த அன்று நவரட்ணம் அண்ணை வழக்கமான கோட்டில் நின்றார். ஸ்பீக்கரில் பேசிய கடைக்காரர் ஆங்கிலத்தில் காரின் வருடம் கேட்டார், ரயரின் அளவு கேட்டார், பிறகு மரியாதையாக இன்னொன்று கேட்டார். பின் அச்சு கார்க் கம்பனி போட்ட பழைய அச்சா, அல்லது பிறகு யாராவது வெளியில் வாங்கி மாற்றியதா?

நல்ல கேள்வி. ஏனென்றால் மாற்றியதுதான். காரை முன்பு வைத்திருந்தவர் ஓட்டப்பந்தயப் பிரியர். பழைய அச்சைக் கழற்றிவிட்டு, வேறொரு கம்பனி செய்த பலமான அச்சு இரண்டைப் பின்னால் போட்டிருந்தார். டெனிஸ்டனுக்கு அது தெரியும். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணையைப் பார்த்தார்.

"அண்ணை, மாத்தினது எண்டு சொல்லட்டோ?"

"விசரே உமக்கு? சில்லு வாங்கப் போனால் சில்லைப் பற்றிக் கேக்கட்டும். அக்சிலைப் பற்றி அவனுக்கு என்ன கதை? மாத்தினது எண்டு வாயைத் திறந்தீரெண்டால் விலையை ஏத்துவான்."

"இல்லை அண்ணை, கேக்கிறான்..."

"கேப்பான்தான். பேஸ்மென்றில வாடகைக்கு ஆள் இருக்கெண்டு சிற்றிக்குச் சொன்னனீரோ?"

"இல்லை."

"இன்சூரன்ஸ்காரனுக்கு?"

"இல்லை."

"அப்ப இவனுக்கு மட்டும் ஏன் சொல்லுறீர்? கம்பனி போட்டதெண்டு சொல்லும். அதில ஐஞ்சு போல்ற், இதில ஐஞ்சு ஓட்டை. பிறகென்ன? உது சின்ன வேலை தம்பி."

சிரிக்காதீர்கள். ஃபோனில் கேட்பவருக்கு உள்ளதில் பாதியைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். வீட்டில் எத்தனை பேர்? நாலு. மாடியில் நாலு, அவர் கேட்டது மாடியைத்தானே! இந்தப் பழக்கம் எங்களை நகரசபையிடமிருந்தும் வேறு பலரிடமிருந்தும் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் சிற்றியிடம் மறைத்தால் பேஸ்மென்ற் ஒன்றும் நினைக்காது. அச்சு அப்படியல்ல. டெனிஸ்டன் கையை எடுத்தார், கம்பனி அச்சுத்தான் என்று கடைக்காரருக்குச் சொன்னார்.

சில்லுகள் வந்தன. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. வந்த வாரமே வானிலை அறிக்கையும் வந்தது: சனிக்கிழமை பின்னேரம் பனி கொட்டும். ஜூலியஸ் மத்தியானம் வரைதான் களஞ்சியத்தில் நிற்பார். காரை வாங்கப்போகிறவரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வரச் சொல்லியிருந்தார் றோசலின். ஆகவே சனி காலை கராஜ் கதவு கரகரவென்று மேலே போனபோது, அதற்குள் ஒரு மனிதரின் பல வருட ஆசை ஜாக்கின் மேல் நின்றுகொண்டிருந்தது.

நவரட்ணம் அண்ணை வெள்ளனவே வந்துவிட்டார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். ஜாக்கெட் பைகளில் தேசிக்காய் புடைத்துக்கொண்டிருந்தது. வேதக்காரர் வீட்டுக் காராக இருந்தால் என்ன, முதல் முதல் ரோட்டுக்கு இறங்குகிற வாகனம் தேசிக்காயை நசித்துக்கொண்டு இறங்குவதுதான் முறை. றோசலினும் அதை மறுக்கவில்லை. அவர் தன் பங்குக்கு அந்தோனியார் சுரூபம் ஒன்றைக் கண்ணாடிக்கு முன்னால் ஒட்டியிருந்தார். இரண்டு பக்கத்தாலும் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது. அச்சை அளந்து பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

முன் சில்லுகள் இரண்டும் அப்படியே போய் இருந்தன. முன்பக்கத்தில் எல்லாம் பழைய கம்பனிச் சாமான் அல்லவா! "பாத்தீரோ?" என்றார் அண்ணை, தானே மாட்டியது போன்ற களைப்போடு. டெனிஸ்டன் பின்பக்கம் போனார். புதுச் சில்லைத் தூக்கி ஐந்து போல்ற்றுக்கும் நேராகப் பிடித்து உள்ளே தள்ளினார். டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. சில்லு முக்கால்வாசி போய் நின்றுவிட்டது.

"அண்ணை, உள்ளுக்குப் போகுதில்லை."

"போகும். புதுச் சாமான் அப்பிடித்தான் இறுக்கமா இருக்கும். நட்டைப் போட்டு இறுக்கும். இறுக்க இறுக்க அதுவாப் போய் இருக்கும்."

"ஒரு நீக்கல் தெரியிற மாதிரிக் கிடக்கு."

"உது வெளிச்சம் விழுற விதம்."

டெனிஸ்டன் நட்டுகளைக் கையால் பூட்டினார். ஸ்பானரை எடுத்தார். எடுத்துவிட்டு அப்படியே இருந்தார். பஸ்ஸில் அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போகிறவருக்குச் சில்லு என்றால் ஒரு பயம் இருக்கும்தானே? மனம் ஒப்பவில்லை. ஆனால் கோட்டுக்கு அப்பால் நின்று அண்ணை அவ்வளவு நிச்சயமாகச் சொல்லும்போது, தன் பயத்தை எப்படி நம்புவது? வானம் வேறு சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து றோசலின் ஒரு தட்டத்தில் சுடச்சுடப் பொரித்த ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார்.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சின்ன வேலை மன்னரின் கை முதுகுப்புறத்தை விட்டு முன்னால் வருவது ரோல்ஸைக் கண்டால் மட்டும்தான். அண்ணையின் வலது கை வந்தது. ஒரு ரோல்ஸ் போனது. கை மறுபடியும் நீண்டது, உள்ளங்கை மேலே பார்த்தபடி, அடுத்த ரோல்ஸுக்காக. றோசலின் தட்டத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார், புருஷனின் கையிலிருந்த ஸ்பானரை வாங்கினார், நீண்டிருந்த அந்தக் கையில் வைத்தார்.

"அண்ணை, சின்ன வேலைதானே. இவர் காலமையில இருந்து உதிலையே நிக்கிறார். நீங்களே ஒருக்கா இறுக்கி விடுங்கோ."

நவரட்ணம் அண்ணை ஸ்பானரைப் பார்த்தார். யாரோ தன் கையில் அடுத்த வீட்டுக் கைக்குழந்தையை வைத்துவிட்டுப் போனது போல அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு உந்த முழங்கால் பிள்ளை..."

"அதுக்கு மெத்தை இருக்கு அண்ணை." தோட்டம் கொத்தும்போது முழங்காலுக்குப் போடும் பச்சை மெத்தையைப் பின் சில்லுக்கு முன்னால் போட்டார் றோசலின்.

போகாமல் இருக்கமுடியுமா? அண்ணை கோட்டைத் தாண்டினார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத் தாண்டினார் என்பதையும் சொல்லவேண்டும். மெத்தையில் முழங்கால் ஊன்றினார். ஸ்பானரை நட்டில் மாட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினார். டெனிஸ்டன் மெல்ல இருமினார். அண்ணை மற்றப் பக்கம் திருப்பினார். அவர் ஒரு சில்லை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன். சில்லுகளுக்கும் அவருக்கும் இதுவரை வாய்ப்பழக்கம்தான்.

"அண்ணை, அந்த நீக்கலை ஒருக்காப் பாருங்கோவன்" என்றார் டெனிஸ்டன்.

"எங்கை நீக்கல்? ஒரு நீக்கலும் இல்லை." அண்ணைக்கு மூச்சு வாங்கியது, ரோசமும் வந்துவிட்டது. மேல்சட்டைப் பையில் கை விட்டு ஒரு விசிற்றிங் கார்டை எடுத்தார். "என்ர கார்ட் போகாது. இப்ப பாரும்!"

சில்லின் கம்பிகளுக்கு ஊடாகக் கையை விட்டு, சில்லும் அச்சுத் தட்டும் சேருகிற இடத்தில் கார்டை வைத்து அழுத்தினார். அழுத்தத் தேவையே இருக்கவில்லை. கார்ட் உள்ளே போனது. ஃபோன் நம்பர் போனது, முகவரி போனது, குறைந்த வட்டிக்கு நாடுங்கள் என்பதும் போனது. கடைசியில் அண்ணையின் முகம் மட்டும் வெளியே நின்று எங்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

நவரட்ணம் அண்ணை தன் முகத்தைத் தானே பார்த்தபடி இருந்தார். பிறகு மெதுவாக எழும்பினார். தொண்டையைச் செருமினார். இனத்தின் இரண்டாவது வசனம் வந்தது.

"நான் அப்பவே சொன்னனான்."

சொன்னார்! நான் எதிரில் நின்று கேட்டேன். முகத்தில் ஒரு வெட்கம் இல்லை. "கடைக்காரன் கேட்டதுக்கு ஒழுங்கா மறுமொழி சொல்லியிருக்க வேணும் தம்பி. ஏனெண்டால் அக்சில் முக்கியம்."

சில்லைக் கழற்றிப் பார்த்தார்கள். விஷயம் வெளிச்சம். அச்சின் நுனியில் நடுவிலே வட்டமான ஒரு குமிழ் இருக்கும். சில்லின் நடுத் துவாரம் அதன்மேல் ஏறி, சில்லு தட்டோடு தட்டாகப் படியவேண்டும். பந்தயக்காரர் போட்ட அச்சில் குமிழ் கொஞ்சம் பெரிது. புதுச் சில்லின் துவாரம் கம்பனி அச்சின் அளவு. குமிழில் முட்டிக்கொண்டு நின்ற சில்லை நட்டுகளின் பலத்தில் இறுக்கியிருந்தால் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிந்திருக்கும். பிறகு பெருந்தெருவில் நட்டுகள் இளகத் தொடங்கியிருக்கும், அதற்கு அந்தோனியாரும் தேசிக்காயும் என்ன செய்வார்கள்? கடைக்கு ஃபோன் எடுத்தார் டெனிஸ்டன். துவாரத்தைக் கடைந்து பெரிதாக்கலாம், ஆனால் அடுத்த வாரம்தான் என்றார் கடைக்காரர். அன்றைக்கு நான் கேட்டேனே என்று அவர் சொன்னதையும் எல்லாரும் ஸ்பீக்கரில் கேட்டோம்.

பின்னேரம் கொட்ட இருந்த பனியின் முதல் துகள் கராஜ் வாசலில் வந்து விழுந்தது. டெனிஸ்டன் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். "சரி, நாளைக்கு அந்தாளை வரச் சொல்லும்" என்றார் றோசலினிடம். குரலில் கோபமே இல்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. றோசலின் வென்றுவிட்டார். ஆனால் அவருடைய முகம் வென்றவரின் முகமாக இல்லை. தட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வாளியில் குந்தியிருக்கிற மனிதரையும் அந்த நீளமூக்குக் காரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் நவரட்ணம் அண்ணை சொன்னார்.

"பின்னுக்குப் பழைய சில்லைப் போடும். உது சின்ன வேலை."

ஒருவரும் அசையவில்லை. ஏன் அசையவேண்டும்? வாசகரே, அத்தனை காலமும் சொன்ன அதே வசனம்தானே! ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தமுறை அது உண்மை. பழைய சில்லுகள் அந்த அச்சிலேயே இருந்தவை. மூலையில்தான் கிடந்தன. உண்மையிலேயே சின்ன வேலை! இதை ஒப்புக்கொள்வது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

"முன்னுக்குப் புதுசு, பின்னுக்குக் கறளோ?" டெனிஸ்டன் முகத்தைச் சுளித்தார். "சனம் சிரிக்கும் அண்ணை."

றோசலின் தட்டத்தைக் கீழே வைத்தார். "நான் தன்ர காலில போகவேணும் எண்டுதான் சொன்னனான். என்ன சப்பாத்து எண்டு சொல்லேல்லை" என்றார். பிறகு ஸ்பானரை எடுத்து மறுபடியும் அண்ணையிடம் நீட்டினார். "பிடியுங்கோ அண்ணை. அந்தக் கார்ட் இன்னும் இருக்கோ?"

அண்ணை இறுக்கினார். ஒவ்வொரு நட்டாக, வேர்க்க வேர்க்க, சரியான பக்கத்துக்கே திருப்பி இறுக்கினார். கார்டை வைத்துப் பார்த்தார். ஒரு மூலைகூட உள்ளே போகவில்லை. மற்றச் சில்லுக்கும் பார்த்தார், போகவில்லை. அந்த முகம் ஒரு இடத்துக்குள் நுழைய முடியாமல் நின்றதைப் பார்த்து எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

செவெல் வெளியே வந்தது. முன்னால் கண் கூசுகிற வெள்ளிச் சில்லு, பின்னால் ஒன்று கறள், ஒன்று பச்சை. கோட் சூட் போட்ட மாப்பிள்ளை குளியலறைச் செருப்போடு மேடைக்கு வந்த மாதிரி. தேசிக்காய்கள் நசிந்தன. எஞ்சின் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. டெனிஸ்டனின் முகத்தைப் பார்த்துவிட்டு நானே கை தட்டினேன். கடைசி நேரத்தில் றோசலின் ஓடிப்போய்ப் பக்கத்துச் சீற்றில் ஏறினார். அது ஓடுதோ எண்டு பாக்கத்தான் போறன் என்று சொன்னார். ஆனால் மத்தியானம் தாண்டியும் பிக்கரிங்கில் காத்துநின்ற ஜூலியஸ் பிறகு சொன்ன கதை வேறு. அவர்கள் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தார்களாம். கொஞ்சம் சுத்திப் போவம், ஏரிக்கரையைப் பாத்துக்கொண்டு போவம் என்று சொன்னது றோசலின்தானாம்.

நவரட்ணம் அண்ணைதான் தப்பவில்லை. அவர்கள் புறப்படுகிற நேரம் பார்த்து, கமலாம்பிகை அக்கா அவரைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். அண்ணை அவசரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். றோசலின் கார்க் கண்ணாடியை இறக்கி, வெளியே தலையை நீட்டி, நல்ல மனதோடுதான் கத்தினார்:

"அக்கா, அண்ணைக்கு எவ்வளவு வடிவா ஸ்பானர் பிடிக்கத் தெரியுது தெரியுமோ? முழுக்க அவர்தான் பூட்டினவர்!"

கமலாம்பிகை அக்கா நின்றார். சுற்றிப் போனார். பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பத்து விரலிலும் கிறீஸ்.

"அப்பிடியோ?" என்றார் அக்கா. "இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாமப் போச்சே. வாங்கோ வீட்டை."

குசினிப் பைப்புக்குக் கீழே இருந்த அந்தச் சட்டி இப்போது அவர்கள் வீட்டு அலுமாரிக்குத் திரும்பிவிட்டது. அந்தக் கார்ட் டெனிஸ்டனின் ஆயுதப்பெட்டியில், ஸ்பானருக்குப் பக்கத்தில் இருக்கிறது. புதுச் சில்லின் துவாரத்தைக் கடைந்து வந்ததும் அதை வைத்துத்தான் பார்த்தாராம். அண்ணை எங்கள் தெருவில் இப்போதும் உலாவுகிறார். கராஜ் கதவு திறந்தால் இப்போதும் வருகிறார். ஆனால் ரோல்ஸ் கொடுத்தால் முதலில் தட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுகிறார்.

சரி, இனி உங்களிடம் வருகிறேன். நடுவிலே, அந்தக் குமிழையும் துவாரத்தையும் பற்றி நான் சொல்லிக்கொண்டு வந்தபோது, உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? இதற்குப் போய் இவ்வளவு பாடா, இடையில் ஒரு தகடு போட்டிருந்தால் முடிந்ததே, ஒரு அரம் எடுத்து ராவியிருந்தால் முடிந்ததே என்று? கடைக்காரர் கேட்டபோதே, உண்மையைச் சொல்லு மடையா என்று டெனிஸ்டனுக்காக முணுமுணுத்துவிட்டு, கார்ட் உள்ளே போன இடத்தில், எனக்கு அப்பவே தெரியும் என்று தலையை ஆட்டினீர்களா?

ஆட்டியிருந்தால் ஒன்றும் பயப்படவேண்டாம். பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், மெதுவாக, ஒருவருக்கும் தெரியாமல், உங்கள் கைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். முன்னால் இருந்தால் நல்லது. பின்னால் இருந்தால், இந்தச் சனிக்கிழமை யாராவது உங்களுக்கு ரோல்ஸ் தந்தால் வாங்காதீர்கள்.